ரைஸ் பட்டனா, மேனுவலா? மூட்டை மாறினால் தெரியும்

எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. முதல் ஆறு மாதம் ரைஸ், தால் என்று எழுதியிருக்கும் பட்டன்களைத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன். இப்போது பத்தில் எட்டு தடவை மேனுவல்தான், அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

பட்டனின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததே. கழுவிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, அழுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். மேனுவலில் பிரஷர் கூடவா குறைவா, எத்தனை நிமிஷம் என்று நாமே வைக்க வேண்டும். சில மாடல்களில் ரைஸ் பட்டன் உள்ளே இருக்கும் அளவைப் பார்த்து நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். ஆனால் அது என்ன அரிசி, எப்போது அறுத்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

நம் பக்கம் அதுதானே விஷயமே. எங்கள் வீடு மன்னார்குடி பக்கம், சாப்பாட்டு நெல் வயலிலிருந்தே வருகிறது. தையில் அறுத்த சம்பாவை அவித்து, மில்லில் அரைத்துக் கொண்டுவந்த புதிதில், பழைய அரிசிக்கு ஊற்றும் அதே தண்ணீரை ஊற்றி ரைஸ் பட்டனை அழுத்தினேன். திறந்தால் களி. அப்பா தட்டைப் பார்த்துவிட்டு, "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றார்.

புது அரிசி தண்ணீரைக் குறைவாகத்தான் இழுக்கும், சீக்கிரமும் குழைந்துவிடும். அதையே ஆறேழு மாதம் போட்டு வைத்தால் இறுகி, நிறையத் தண்ணீர் குடித்து, உதிரியாக வேகும். பானையில் வடிக்கும்போது அம்மா ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து இறக்கிவிடுவார். மூடி பூட்டிக்கொண்டபின் இதில் யார் பருக்கை எடுப்பது? நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியதுதான், எங்கள் மாடலில் ரைஸ் பட்டன் அதற்கு இடம் தராது. என் கணக்கு இது: பழைய புழுங்கலுக்கு ஒரு டம்ளருக்கு மூன்று டம்ளர் தண்ணீர், அதிக பிரஷரில் 12 நிமிஷம். புதுசுக்கு இரண்டே கால் டம்ளர், 8 நிமிஷம். மாப்பிள்ளைச் சம்பா என்றால் ராத்திரியே ஊறவைத்து நாலு டம்ளர், 30 நிமிஷம் (இதற்கு ரைஸ் பட்டனை நம்பினால் தாடைதான் வலிக்கும்). முடிந்ததும் ஆவியைத் திறந்துவிடாமல் பத்து நிமிஷம் தானாக அடங்க விடுவேன், அந்த நேரத்திலும் வெந்துகொண்டுதான் இருக்கும் என்பதால் அதையும் சேர்த்தே இந்தக் கணக்கு.

அம்மாவுக்கு மேனுவல் பிடிக்கவில்லை. "பருப்புக்கு நாலு விசில்னா புரியுது, பத்து நிமிஷம்னா என்னத்தக் கண்டேன்?" நியாயம்தான். அடுப்பில் வைக்கும் குக்கரில் அழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல் வரும், இந்த மெஷினில் அதிகபட்சமே 70, 80தான். ஆகவே அடுப்பில் ஆகும் நேரத்தை அப்படியே வைத்தால் பருப்பு நறுக்கென்று நிற்கும், ரெண்டு மூன்று நிமிஷம் கூட்டிப் போட வேண்டும். போர் தண்ணீரில் வேகவைத்தால் இன்னும் கூட.

அப்புறம் கரண்ட். போய் வந்தால் எங்கள் மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிடும். மேனுவலில் ஏழு நிமிஷம் ஓடியிருந்தால் மிச்சம் ஐந்தை வைத்துக்கொள்ளலாம், பட்டனோ முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

தயிருக்கு மட்டும் பட்டன்தான், அதில் சந்தேகமே இல்லை. மார்கழிக் குளிரில் பால் உறைய வெதுவெதுப்பான சூடு மணிக்கணக்கில் நிற்க வேண்டும், பிரஷர் வைத்து அதைச் செய்ய முடியாது. ஆட்டுக்கறி இரண்டே தடவைதான் வைத்திருக்கிறேன். ஒரு தடவை 20 நிமிஷத்தில் பஞ்சு, மறுதடவை 25 ஆகியும் நார். ஆட்டின் வயசா, என் கைப்பக்குவமா என்று சொல்ல வரவில்லை, அதனால் கறி விஷயத்தில் என்னை நம்ப வேண்டாம்.

அரிசிக் கணக்கை ஒரு தாளில் எழுதி மிக்ஸிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். இந்த வருஷம் புது மூட்டை பிரித்த மூன்றாம் நாள், அதில் 8 என்பதை அடித்து 7 என்று எழுதியிருந்தது. அம்மா கையெழுத்து.