வீட்டுக் கேமரா ரெக்கார்டரை நெட்டில் இணைக்க ஆள் கூப்பிடுகிறீர்களா? 7,500 ரூபாய் போன கதையைப் படியுங்கள்

இன்னும் கை நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முசிறிப் பக்கம் அம்மா தனியாக இருக்கிறார். எனக்கு ஓசூரில் வேலை. வீட்டில் நாலு கேமரா, அவற்றின் படத்தைப் பதிவு செய்கிற ரெக்கார்டர் பெட்டி (டிவிஆர்) ஒன்று உண்டு. அதை போனில் பார்க்கிற மாதிரி செய்துதர, வீட்டுக்கே ஆள் அனுப்புகிற ஒரு ஆப்பில் புக் செய்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் வந்தான். மரியாதையான பேச்சு. அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, உடைந்து கிடந்த டிவி ரிமோட் மூடியை டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தான். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

"வெளியூர்ல இருந்து பாக்கணும்னா ஸ்டாடிக் ஐபி, அதாவது நெட்டுல மாறாத ஒரு முகவரி, வேணும் சார். வருஷத்துக்கு 6,000, என் கூலி 1,500. ஆப்புல போட்டா கமிஷன் போயிடும், எனக்கே போட்டுடுங்க" என்றான். 7,500 ரூபாயை ஜிபேயில் போட்டேன். என் போனில் வாசல், கொல்லை, மாட்டுக்கொட்டகை எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பஸ் நாமக்கல் தாண்டியதும் திறந்தேன். நாலு கட்டமும் கறுப்பு.

போன் செய்தால் "சர்வர் அப்டேட் ஆகுது சார்", மறுநாள் "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க", அப்புறம் எடுப்பதே இல்லை. ஆப் கஸ்டமர் கேரில் "எங்க கணக்குல 299 ரூபாய் விசிட் சார்ஜ் மட்டும்தான் சார் இருக்கு" என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். மூன்று முறை!

இன்டர்நெட் லைன் கொடுத்தவரைக் கேட்டேன். என் பெயரில் ஸ்டாடிக் ஐபியே வாங்கவில்லை. என் போனில் அவன் போட்டிருந்த முகவரி 192.168.1.64. அது வீட்டு வைஃபைக்குள் மட்டும் செல்லுபடியாகிற நம்பர். என் போன் அப்போது வீட்டு வைஃபையில் இருந்தது, அதனால்தான் தெரிந்தது. வெளியிலிருந்து பார்க்க ரெக்கார்டரின் மெனுவிலேயே பி2பி (கம்பெனி சர்வர் வழியாக போனை ரெக்கார்டரோடு இணைப்பது) என்று இலவச வசதி இருக்கிறதாம், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதுமாம்.

நேற்று லீவு போட்டு ஊருக்கு வந்து ஸ்கேன் செய்தேன். "இந்தக் கருவி வேறொரு கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது" என்று வந்தது. யார் கணக்கு? அன்றைக்கு டிவிஆரைத் தொட்டது அவன் ஒருத்தன்தான். ஒரு வாரமாக அம்மா நடமாடுகிற வீட்டை அவன் பார்த்திருக்கலாம். 7,500 ரூபாய் போனதைவிட இதுதான் வயிற்றைப் பிசைகிறது. டிவிஆரை நெட்டோடு இணைக்கும் லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். கணக்கிலிருந்து விடுவிக்கச் சொல்லி டிவிஆர் கம்பெனிக்கு பில்லும் சீரியல் நம்பரும் அனுப்பியிருக்கிறேன். சைபர் மோசடி புகார் எண் 1930க்கும் சொல்லியாயிற்று.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் படம் வந்த பிறகு காசு கொடுங்கள். ஆப்புக்கு வெளியே ஒரு பைசா போடாதீர்கள். டிவிஆருக்கான கணக்கை உங்கள் நம்பரில், உங்கள் கையால் தொடங்குங்கள். டிவிஆரின் அட்மின் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். 2016இல் மிராய் வைரஸ், கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டை மாற்றாமல் கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வருகிற வழி) திறந்துவிடுகிறேன் என்று எவனாவது சொன்னால் விடாதீர்கள்.