எட்டு வார ஆதித் திருச்சபை வகுப்பு: வேலூரில் சேரலாமா?

வேலூரில் ஒரு சபை தன் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைதோறும் நடத்தும் வகுப்பு இது. திடப்படுத்தல் வகுப்பு அல்ல, ஏற்கெனவே திருவிருந்தில் பங்குபெறும் பெரியவர்களுக்கானது. அப்போஸ்தலருக்கு அடுத்த தலைமுறைகள் இரட்சிப்பு, விசுவாசம், அன்றாட நடக்கை பற்றி எழுதி வைத்ததை, அந்தப் பகுதிகளையே உரக்க வாசித்துப் படிக்கிறார்கள். மாலை 6 மணி முதல் 7.30 வரை. கட்டணம் கிடையாது, ஜெராக்ஸ் எடுத்துக் கட்டிய குறிப்பேட்டுக்கு மட்டும் 80 ரூபாய். முதல் நான்கு வாரம் டிடாக்கே என்ற பழைய போதனை நூல், அடுத்த இரண்டு வாரம் ரோமாபுரி கிலேமெந்துவின் நிருபம், ஏழாம் வாரம் இரண்டாம் நூற்றாண்டு ஆயர்களான இக்னேஷியஸும் பாலிகார்ப்பும், கடைசி வாரம் அதே நூற்றாண்டின் எழுத்தாளர் ஜஸ்டின்.

முதல் நான்கு வாரத்துக்காக மட்டுமே தாராளமாகச் சேரலாம். ஐந்தாம், ஆறாம் வாரத்தில்தான் சிக்கல்.

டிடாக்கே, அதாவது பன்னிரு அப்போஸ்தலரின் போதனை, பதினாறு சிறு அதிகாரங்கள்தான். இந்த நூல் அடங்கிய, 1056-ல் எழுதி முடித்த ஒரு கையெழுத்துப் பிரதியை 1873-ல் பிலொத்தெயோஸ் பிரியெனியோஸ் என்ற பேராயர் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுத்தார். 1883-ல் அது அச்சில் வந்தது. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் "கி.பி. 50-ல் எழுதப்பட்டது" என்று உறுதியாகப் போட்டிருக்கிறார்கள். அதைப் பேனாவால் திருத்திக்கொள்ளவும். முதல் நூற்றாண்டின் கடைசி, அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து.

முதல் வாரம் 'ஜீவ வழி, மரண வழி' என்ற ஆறு அதிகாரங்கள். ஆசிரியர் இதைக் கட்டளைப் பட்டியலாக ஒப்பிக்கவில்லை. அவரவர் வீட்டில் எதில் தடுக்கிறது என்று பார்த்து, ஒரே ஒரு கட்டளையை வாரம் முழுக்கக் கைக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறார். கர்த்தருடைய நுகம் முழுவதையும் சுமக்க முடிந்தால் சும, முடியாவிட்டால் முடிந்ததைச் செய் என்று ஆறாம் அதிகாரமே சொல்வதால் இந்த முறை நூலுக்கு நியாயம் செய்கிறது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்பவர்கள் மூன்றாம் வாரத்தில் வகுப்புக்கே வருவதில்லை.

இரண்டாம் வாரம் ஞானஸ்நானம். இந்த ஊரில் முழுக்கா தெளிப்பா என்பதில் குடும்பங்களே பிரிந்து நிற்பது எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் எந்தப் பக்கமும் வாதாடாமல், ஏழாம் அதிகாரத்தின் வரிசையை அப்படியே பலகையில் எழுதிவிடுகிறார்: ஓடும் தண்ணீரில் கொடு, அது இல்லையென்றால் வேறு தண்ணீரில், குளிர்ந்த தண்ணீர் முடியாவிட்டால் வெந்நீரில், இரண்டும் இல்லையென்றால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தலையில் மூன்று தரம் ஊற்று. 2021 நவம்பரில் கரைபுரண்ட பாலாறு மற்றபடி பெரும்பாலும் மணலாகவே கிடக்கிறது. அந்த ஆற்றங்கரையில் வாழ்கிறவர்களுக்கு இந்த வரிசையின் கருணை விளக்காமலே புரியும். ஆனால் இரண்டு தரப்பும் மறந்துவிட்ட ஒன்றும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. பெறுகிறவர் ஒன்றிரண்டு நாள் முன்பே உபவாசிக்க வேண்டும். கொடுப்பவரும், முடிந்த மற்றவர்களும் கூடவே உபவாசிக்க வேண்டும். தண்ணீரின் அளவைப் பற்றிச் சண்டையிடும் சபைகளில் ஆயரும் சேர்ந்து உபவாசித்தாரா என்று கேட்பார் இல்லை. வகுப்பு இதைக் கேட்க வைக்கிறது, அதற்காகவே பாராட்ட வேண்டும்.

அடுத்த அதிகாரம் வாராந்தர உபவாசத்தைப் புதன், வெள்ளி என்று குறிக்கிறது. எத்தனை மணி நேரம் என்று சொல்லவில்லை. பிற்பகல் 3 மணிவரை என்ற வழக்கம் பின்னால் தெர்த்துல்லியன் என்ற ஆதிச் சபை எழுத்தாளரின் காலத்து எழுத்தில் வருகிறது, அதையே வகுப்பில் பின்பற்றச் சொல்கிறார்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது என்று ஆசிரியர் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். பரமண்டல ஜெபம் ஒரு நாளில் மூன்று தரம் சொல்ல வேண்டும் என்பதும் இங்கேதான் வருகிறது. காலை, மதியம், இரவு என்று போனில் அலாரம் வைத்தவர்கள்தான் நிலைத்திருக்கிறார்கள்; மதிய வேளைதான் முதலில் விட்டுப்போகும்.

மூன்றாம் வாரத்துத் திருவிருந்து ஜெபங்கள் அழகு, ஆனால் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். அப்பத்துக்கு முன்னால் பாத்திரம் வருவதைக் கண்டு குழம்பாமல், பதினாலாம் அதிகாரத்தையும் சேர்த்துப் பார்க்கவும்: அயலானோடு சண்டையில் இருப்பவன் ஒப்புரவாகும்வரை கர்த்தருடைய நாளில் கூடிவரக் கூடாது.

நான்காம் வாரம்தான் இந்த வகுப்பின் உயிர். ஐடா ஸ்கடர் சாலையிலும் பாபு ராவ் தெருவிலும் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கெங்கிருந்தோ சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து லாட்ஜில் தங்கும் குடும்பங்கள் நிறைந்த ஊரில், உண்மையாகவே தேவைப்படுகிறவர் யார், ஏமாற்றுகிறவர் யார் என்பது விசுவாசியின் தினசரிக் கேள்வி. டிடாக்கே ஒரே அதிகாரத்தில் இரண்டு சொல்கிறது. கேட்கிறவன் எவனுக்கும் கொடு, திருப்பிக் கேட்காதே. யாருக்குக் கொடுக்கிறாய் என்று தெரியும்வரை உன் தருமம் உன் கையிலேயே வியர்க்கட்டும். இரண்டையும் சேர்த்து நடத்துவது எப்படி என்பதற்குப் பன்னிரண்டாம் அதிகாரம் வழி சொல்கிறது. கர்த்தருடைய நாமத்தில் வருகிற எவரையும் முதலில் ஏற்றுக்கொள், பிறகு சோதித்துப் பார். வழிப்போக்கன் என்றால் உன்னால் ஆனதைச் செய். இரண்டு நாள், தேவையென்றால் மூன்று நாள் தங்கட்டும். இங்கேயே குடியேற விரும்பினால், கைத்தொழில் தெரிந்தவன் உழைத்துச் சாப்பிடட்டும். தெரியாதவன் சோம்பேறியாக இராதபடி நீங்களே ஒரு வழி செய்யுங்கள். அதற்கும் இணங்காதவன் கிறிஸ்துவை வைத்து வியாபாரம் பண்ணுகிறவன்.

இதை வகுப்பு நடைமுறையாக்கிய விதம் நல்லது. பணமாகக் கையில் கொடுக்காமல், மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்தாக வாங்கிக் கொடுப்பது. தனியாகப் போகாமல் இருவராகப் போவது. முதல் நாள் சாப்பாட்டுக்கு எந்தக் கேள்வியும் கேட்காமல் இருப்பது. கடைசி விதிதான் முக்கியம். விசாரணையை முதலில் வைத்துக்கொண்டால் நூலின் வரிசை தலைகீழாகிவிடும். பசியோடு வந்தவர் பதில் சொல்லிக்கொண்டே நிற்பார்.

அதே மாலையில் கள்ளத் தீர்க்கதரிசி பற்றிய பதினொன்றாம் அதிகாரமும் வருகிறது. அப்போஸ்தலனாக வந்து மூன்று நாள் தங்குகிறவன், புறப்படும்போது அடுத்த தங்குமிடம்வரைக்கான அப்பத்துக்கு மேல் பணம் கேட்கிறவன் கள்ளத் தீர்க்கதரிசி என்ற பகுதியை வாசித்ததும், கூட்டம் இன்றைய ஊழியக்காரர்களின் பெயர்களை எடுத்துப் பேசத் தொடங்கிவிடுகிறது, ஆசிரியரும் தடுப்பதில்லை. ஆவியில் பேசுகிற தீர்க்கதரிசியைச் சோதிக்காதே என்ற எச்சரிக்கையும், தரித்திரருக்காகக் கேட்கிறவனை யாரும் நியாயந்தீர்க்கக் கூடாது என்ற விலக்கும் அதே அதிகாரத்தில் இருக்கின்றன. அவற்றை வாசிக்க நேரம் இல்லாமல் போகிறது. ஆரம்பப் பாட்டுகளை இரண்டாகக் குறைத்தால் இருபது நிமிடம் கிடைக்கும்.

இனி கிலேமெந்து. சுமார் கி.பி. 96-ல் ரோமாபுரி சபை கொரிந்து சபைக்கு எழுதிய நிருபம். மூப்பர்களைச் சிலர் தள்ளிவிட்டதால் எழுந்த கலகம்தான் காரணம். நிருபத்துக்குள் கிலேமெந்துவின் பெயர் வரவே வராது, மரபுதான் அவர் பெயரைச் சொல்கிறது. மொத்தம் 65 அதிகாரங்களில் குறிப்பேடு 32-ஆம் அதிகாரத்தை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறது: நம் ஞானத்தாலோ, பக்தியாலோ, பரிசுத்த இருதயத்தோடு செய்த கிரியைகளாலோ அல்ல, விசுவாசத்தினாலே நீதிமான்களாக்கப்படுகிறோம் என்ற பகுதி. சத்தியமான வார்த்தை, சந்தேகமில்லை. ஆனால் தனியாக நிறுத்தியதால் அறை இரண்டாகிறது. ஒரு பக்கம் இதையே தூக்கிப் பிடிக்க, மறுபக்கம் கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்னும் யாக்கோபு நிருபத்தைத் திறக்க, ஒரு மாலை முழுக்க வாக்குவாதத்தில் போய்விடுகிறது.

அடுத்த அதிகாரத்தை வாசித்தாலே இது தீரும். அப்படியானால் நன்மை செய்வதில் ஓய்ந்து போவோமா, அன்பை விட்டுவிடுவோமா என்று 33 கேட்டு, ஒருபோதும் கூடாது என்கிறது. 30-ஆம் அதிகாரமோ, புறங்கூறுதலை விலக்கச் சொல்லும் இடத்தில், வார்த்தைகளாலல்ல கிரியைகளாலே நீதிமான்களாவோம் என்கிறது. அதைவிட 10 முதல் 12 வரை வாசிக்காமல் இந்த நிருபத்தைப் படித்தேன் என்று சொல்ல முடியாது. ஆபிரகாமுக்கு முதிர்வயதில் மகன் கொடுக்கப்பட்டது விசுவாசத்தினிமித்தமும் உபசரிப்பினிமித்தமும். லோத்து சோதோமிலிருந்து தப்பியது உபசரிப்பினிமித்தமும் பக்தியினிமித்தமும். ராகாப் இரட்சிக்கப்பட்டது விசுவாசத்தினிமித்தமும் உபசரிப்பினிமித்தமும். மூவரும் வெளியூராரை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டவர்கள். இந்த நிருபத்தை எழுதியவருக்கு விசுவாசமும் வாசற்கதவைத் திறப்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. நான்காம் வாரத்தில் லாட்ஜ் தெருவைப் பற்றி இவ்வளவு நன்றாகப் பேசிய வகுப்பு, ஐந்தாம் வாரத்தில் இந்த மூன்று அதிகாரங்களைத் தாண்டிப் போவது பெரிய இழப்பு.

ஏழாம் வாரம் சுமார். இக்னேஷியஸின் ஏழு நிருபங்களை ஒன்றரை மணி நேரத்தில் அடக்க முடியாது. பாலிகார்ப் பிலிப்பியருக்கு எழுதியதை மட்டும் முழுமையாக எடுத்திருக்கலாம். கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்று தொடங்குகிற அதே நிருபம், பண ஆசையில் விழுந்த வாலென்ஸ் என்ற மூப்பரைக் கண்டித்து, அவரைச் சத்துருவாக எண்ணாமல் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் சொல்கிறது. கடைசி வாரம் ஜஸ்டின் விவரிக்கும் ஞாயிறு ஆராதனை: வாசிப்பு, புத்திமதி, எழுந்து நின்று ஜெபம், அப்பமும் பாத்திரமும், வராதவர்களுக்கு டீக்கன்மார் கொண்டுபோவது, காணிக்கை. அந்தக் காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலுள்ளோர், அந்நியருக்குப் போனது என்ற இடத்தில் ஆசிரியர் நன்றாக நின்று பேசுகிறார்.

மண்டபத்தில் பின்வரிசைக்குப் பலகை தெரியாது, 5.45-க்குப் போனால் முன்வரிசை கிடைக்கும். குறிப்பேட்டில் வேதவசனங்கள் எண்ணாக மட்டுமே இருப்பதால் வேதாகமம் கையில் வேண்டும். கிலேமெந்து நிருபத்தின் முழுப் படியும் ஆசிரியரிடம் இருக்கிறது. 10 முதல் 12, 30 முதல் 33 ஆகிய அதிகாரங்களை முதல் வாரமே கேட்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளவும், கேட்டால் மறுப்பதில்லை.