எட்டோடு நின்ற அப்பர்ச்சரும் நான் அழுத 2,800 ரூபாயும்

பழைய சூப்பர் ஜூம் கேமரா வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். கடை பெயரைப் போடவில்லை. உருப்படியான பில் கையில் இல்லாமல் பெயரைப் போட்டுவிட்டு கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் என்று வீட்டில் உத்தரவு. மதுரையில், கோவிலைச் சுற்றிய வீதி ஒன்றில், மாடியில் இருக்கும் கடை. பழைய கேமராவை வாங்கி விற்பார்கள், ரிப்பேரும் பார்ப்பார்கள். அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆவணியில் வாங்கினேன். 60 மடங்கு ஜூம், 16 மெகாபிக்சல், விலை 16,000. கடைக்காரர் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், தெற்குக் கோபுரத்தைப் பார்த்து ஜூமை முழுக்க நீட்டிக் காட்டினார். "பல்லை எண்ணலாம் சார்" என்றார். சுதைப் பொம்மையின் பல்லை நிஜமாகவே எண்ணலாம் போலத்தான் இருந்தது. மணி பன்னிரண்டரை, தலைக்கு மேல் வெயில். அந்த வெளிச்சத்தில் எந்தக் கேமராவும் நல்ல கேமராதான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"ராத்திரி எடுக்குமா?" என்று கேட்டேன். "லென்ஸ் 3.3 சார், ராத்திரிக்குன்னே செஞ்சது" என்றார்.

அவர் சொன்னது அப்பர்ச்சர் எண். அப்பர்ச்சர் என்பது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை. லென்ஸ் வளையத்தில் 1:3.3-6.5 என்று தெளிவாக அச்சடித்திருந்தது. கேமரா கம்பெனி ஒளிக்கவில்லை. கடைக்காரர் முதல் எண்ணை மட்டும் வாசித்தார், நானும் அதோடு விட்டுவிட்டேன். ஜூம் பண்ணாமல் அகலமாக எடுக்கும்போதுதான் 3.3. முழுக்க நீட்டினால் 6.5க்குக் கீழே திறக்கவே திறக்காது. எண் இரு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும் என்பதால், படத்தைப் பதிக்கும் சில்லான சென்சாருக்கு வந்து சேரும் வெளிச்சம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். அகலத்தில் 1/200 நொடியில் எடுக்க முடிந்த இடத்தில், முழு ஜூமில் 1/50. அந்த நீளத்தில் மூச்சு விட்டாலே படம் ஆடும்.

இதுவரை நடந்ததை நான் மோசடி என்று சொல்லமாட்டேன். வியாபாரப் பேச்சு, அவ்வளவுதான். மோசடி தை மாதத்தில் நடந்தது.

தெப்பத் திருவிழாவுக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் போயிருந்தேன். மகால் கட்ட மண் எடுத்த பள்ளம்தான் தெப்பக்குளமானது என்று என் தாத்தா நாலு தடவையாவது சொல்லியிருப்பார். கரையிலிருந்து மைய மண்டபம் நல்ல தூரம். அப்பர்ச்சரை 16க்கு மேல் வைத்தால் விளக்கெல்லாம் நட்சத்திரம் போல விரியும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். ஸ்டாண்டில் கேமராவை மாட்டி சக்கரத்தைத் திருப்பினால் 8க்கு மேல் போகவில்லை. ஜூமை நீட்டிப் பார்த்தேன், இன்னும் மோசம். 6.5லிருந்து ஒன்றிரண்டு சுற்றிலேயே 8 வந்து நின்றுவிட்டது. உள்ளே ஏதோ சிக்கிக்கொண்டது என்றே நினைத்தேன். தெப்பம் சுற்றி வந்து போனது, எனக்கு ஒரு படம்கூட தேறவில்லை.

மறுநாள் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் சக்கரத்தை இரண்டு தடவை சுழற்றிவிட்டு, டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "அப்பர்ச்சர் பிளேடு ஜாம் ஆயிருக்கு சார். இங்க பிரிக்க முடியாது, சென்னைக்கு அனுப்பணும். 2,800 ஆகும்."

மெமரி கார்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, கேமராவைக் கொடுத்துவிட்டு வந்தேன். பதினொரு நாள் ஆனது. பில் என்று அவர் நீட்டியது ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு. அதில் 'லென்ஸ் சர்வீஸ் 2800' என்று மட்டும் பேனாவால் எழுதியிருந்தது. சக்கரத்தைத் திருப்பினேன். மறுபடியும் 8தான்.

"எட்டு வரைக்கும் வழுக்கிக்கிட்டு வருது பாருங்க. முன்னாடி இழுத்து இழுத்துல்ல வந்துச்சு?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் வழுக்கிக்கொண்டு வருவது போலத்தான் தெரிந்தது.

உண்மையை உடைத்தது என் கொழுந்தியாள் மகன். திருமங்கலத்தில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறான். கேமராவைக் கையில் வாங்கியவன் சிரித்துவிட்டான். "பெரியப்பா, இதுல எட்டுக்கு மேல கிடையவே கிடையாது. கம்பெனியே வைக்கல. இல்லாத ஒன்ன ரிப்பேர் பண்ணித் தந்திருக்காய்ங்க."

ஏன் வைக்கவில்லை என்று அவன் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். இந்த ரகக் கேமராக்களில் சென்சார் ஏறக்குறைய 6.2க்கு 4.6 மி.மீ. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. கல்யாணப் படம் எடுப்பவர்கள் வைத்திருக்கும் ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சார் 36க்கு 24. சென்சார் சின்னதாக இருப்பதால்தான் லென்ஸும் சின்னதாக இருக்கிறது. என் கேமராவில் லென்ஸின் உண்மையான நீளம் 4.3லிருந்து 258 மி.மீ. வரைதான், இதை 1440 மி.மீ. என்று சொல்வதெல்லாம் பெரிய சென்சாருக்குக் கணக்குப் போட்டுச் சொல்வது. அப்பர்ச்சர் எண் என்பது இந்த நீளத்தைத் துளையின் அகலத்தால் வகுத்தால் வருவது. அகலக் கோணத்தில் 8 வைத்தாலே துளை அரை மில்லிமீட்டர்தான். 22 வேண்டும் என்றால் 0.2 மி.மீ., அதாவது ஊசி முனை.

அவ்வளவு சின்னத் துளையை வைத்தாலும் பிரயோசனம் இல்லையாம். பள்ளிக்கூடத்தில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, குறுகிய துளையில் நுழையும் ஒளி ஓரத்தில் விரிந்து பரவும் என்று, அது இங்கே வேலை செய்கிறது. எஃப் 8ல், அதாவது அப்பர்ச்சர் எண் 8ல், ஒரு புள்ளி வெளிச்சம் சென்சாரில் சுமார் 11 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) அகலத்துக்குப் பரவுகிறது. பெரிய சென்சாரில் ஒரு பிக்சல் 6 மைக்ரான் இருந்தால், அந்தப் புள்ளி இரண்டு பிக்சலோடு முடிந்துவிடும். என் கேமராவின் பிக்சல் 1.3 மைக்ரான், ஆகவே எட்டுப் பிக்சலுக்குச் சிந்துகிறது. 8லேயே படம் கொழகொழவென்று ஆகிவிடும், 16 வைத்தால் சாம்பார்தான். அதனால்தான் இந்த ரகத்தில் பல கேமராக்கள் 8லேயே கதவைச் சாத்திவிடுகின்றன. 2018ல் வந்த நிக்கான் பி1000 இதற்கு நல்ல உதாரணம். 125 மடங்கு ஜூம், முழுக்க நீட்டினால் அதன் அதிகபட்சத் திறப்பே எஃப் 8தான். அதில் சிக்கிக்கொண்டது என்று சொல்ல ஒன்றுமில்லை, வடிவமைப்பே அப்படி.

இதில் வேடிக்கை என்னவென்றால், முன்னும் பின்னும் தெளிவாக விழும் விஷயத்தில் என் கேமராவின் 3.3, பெரிய சென்சாரின் 18க்குச் சமமாம். 16ஐத் தேடித் தெப்பக்குளக் கரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தேன், அதற்கு மேலேயே கையில் இருந்திருக்கிறது. நட்சத்திரம் மட்டும் வராது, போகட்டும். ஓடும் தெப்பத்தின் விளக்கு கோடாக வேண்டுமென்றால் ஷட்டரைச் சில நொடி திறந்து வைக்க வேண்டும். அதற்கு ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100, ஸ்டாண்ட், கை பட்டு ஆடாமல் இருக்க இரண்டு நொடி டைமர் போதும். பகலில் நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டுமானால்தான் லென்ஸ் முன்னால் என்.டி. ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடி பிடிக்க வேண்டும்.

சரி, கடைக்காரருக்கும் இது தெரியாமல் இருந்திருக்கலாமே என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் அது நடந்தது. ஒருநாள் கார்டு போட மறந்து கேமராவை ஆன் செய்தேன். பார்த்தால் உள்ளே படங்கள்! இந்தக் கேமராவில் கார்டு இல்லாவிட்டாலும் கொஞ்சம் உள் நினைவகம் உண்டு, அதை நான் கவனித்ததே இல்லை. கடைப் பையன்கள் எடுத்த ஏழு படங்கள் இருந்தன. கல்லா மேசை, வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை, ஜன்னல் வழியே தெருவில் ஒரு ஆட்டோ, ஒரு டீ கிளாஸ். தேதிகள் அத்தனையும் கேமரா 'சென்னையில்' இருந்த நாட்கள்.

கொழுந்தியாள் மகனையும் கூட்டிக்கொண்டு போய் அந்தப் படங்களைக் காட்டினேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "பார்சல் லேட்டாத்தான் போச்சு" என்றார். எந்தப் பார்சல், எந்த நம்பர் என்று கேட்டதும் கல்லாவைத் திறந்து 1,500 எடுத்து வைத்தார். மீதியைக் கேட்டதற்கு லேபர் என்றார். எதற்கு லேபர் என்று இன்றுவரை விளங்கவில்லை.

ஒழுங்கான பில் இருந்தால் நான் விட்டிருக்கமாட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் சொல்லலாம். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. ஆகவே ரிப்பேருக்குக் கொடுக்கும்போதே என்ன பழுது, எந்தப் பாகம் மாற்றுகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள், கழற்றிய பாகத்தையும் திருப்பிக் கேளுங்கள். அதற்கும் முன்னால், உங்கள் மாடலின் கையேட்டில் அப்பர்ச்சர் எந்த எண் வரை போகும் என்று ஒரு வரி இருக்கும். கம்பெனி தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அந்த வரியை நான் 2,800 கொடுத்த பிறகுதான் படித்தேன். வாங்கும்போது மொட்டை மாடிக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். கடைக்குள்ளேயே, எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரை முழு ஜூமில் எடுக்கச் சொல்லுங்கள். தேதிக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்து வாசிக்க வருகிறதா என்று பாருங்கள்.

கேமராவை விற்கவில்லை. பகலில் நன்றாகத்தான் எடுக்கிறது. அந்த ஏழு படங்களில் ஆறை அழித்துவிட்டேன். டீ கிளாஸ் படத்தை மட்டும் வைத்திருக்கிறேன். எஃப் 3.3, ஜூம் இல்லை, ஜன்னல் வெளிச்சம், கிளாஸ் விளிம்பில் நுரை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. எடுத்த பையனுக்குக் கை நன்றாக வருகிறது.