ஐந்தாம் தாளா, ஆறாம் தாளா? கேம்பிரிட்ஜுக்கு மாறும் பள்ளியில் கேட்க வேண்டியது

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் அக்கா மகள் எட்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். அவள் படிக்கும் தனியார் பள்ளியில் வரும் ஆண்டு ஒன்பதாம் வகுப்பிலிருந்து கேம்பிரிட்ஜ் பாடத்திட்டமும் வருகிறது. இப்போதிருக்கும் ஸ்டேட் போர்டிலேயே விடுவதா, சிபிஎஸ்இ பள்ளிக்கு மாற்றுவதா, கேம்பிரிட்ஜில் சேர்ப்பதா என்று அக்கா கேட்டாள். கிருஷ்ணகிரியில் இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். மூன்று வகைப் பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள்.

கேள்வி கேட்கும் விதத்தில் எனக்குப் பிடித்தது கேம்பிரிட்ஜ்தான். ஓம் விதியைக் கூறுக என்றால் நம் பிள்ளைகள் கடகடவென்று எழுதிவிடுவார்கள். கேம்பிரிட்ஜில் பத்தாம் வகுப்பு அளவில் எழுதும் ஐஜிசிஎஸ்இ தாளிலோ, ஊசலின் ஓர் அலைவு நேரத்தைக் கண்டுபிடிக்க 20 அலைவுகளை அளந்து வகுப்பது ஏன் என்பதுபோல வரும். அக்கா மகளிடம் கேட்டேன், முழித்தாள். பீரோ சாவியை நூலில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டோம். ஒரே அலைவை கைபேசியில் அளந்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண். இருபதை அளந்து வகுத்தால் மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே விடை. “மாமா, நான் பட்டனை அமுக்குற தப்பு இருபதாப் பிரிஞ்சிடுது!” என்றாள். இப்படிப் படிக்கத்தான் எனக்கு ஆசை.

ஆனால் பெயர்ப்பலகை மாறியதும் இது தானாக வந்துவிடாது. ஐஜிசிஎஸ்இ இயற்பியலில் செய்முறைக்கு இரண்டு வழி உண்டு. ஐந்தாம் தாள் என்றால் பிள்ளை லேபில் நின்று கருவியைத் தொட்டுச் செய்ய வேண்டும். ஆறாம் தாள் என்றால் செய்முறை பற்றிய கேள்விகளுக்கு உட்கார்ந்து எழுதினால் போதும். லேப் சரியில்லாத பள்ளியும் ஆறாம் தாளை வைத்து ஒப்பேற்றிவிடலாம். அப்புறம் கோரா, எக்ஸ்டென்டடா என்பது. கோர் என்றால் அடிப்படைப் பாடம் மட்டும், எக்ஸ்டென்டட் என்றால் கூடுதல் பாடமும் சேர்ந்தது. கோரில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி கிரேடுக்கு மேல் கிடையாது.

தேர்வு மாதத்தையும் கேளுங்கள். மார்ச் தேர்வுக்கு மே மாதம் ரிசல்ட் வந்துவிடும். மே, ஜூனில் எழுதினால் ஆகஸ்ட் ஆகும். அதற்குள் இங்கே பதினோராம் வகுப்பு தொடங்கிக் கொஞ்ச தூரம் ஓடியிருக்கும்.

சிபிஎஸ்இக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீட், ஜேஇஇ எழுதப்போகும் பிள்ளைக்கு அங்கே படிக்கும் என்சிஇஆர்டி புத்தகம் நேராகக் கைகொடுக்கும்.

ஸ்டேட் போர்டைக் குறைத்துப் பேசுவது எனக்கு வருத்தம். 2018இல் மாறத் தொடங்கிய புதிய புத்தகங்களின் பதினோராம் வகுப்பு இயற்பியல் கனமானது. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சேர நுழைவுத்தேர்வு கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்ஆப். பொறியியல்தான் குறி என்றால் வீண் செலவே வேண்டாம்.

அக்கா மகளுக்கு இன்னும் எந்தக் குறியும் இல்லை, பொருட்களைப் பிரித்துப் பார்க்கும் ஆசைதான் இருக்கிறது. அதனால், ஐந்தாம் தாள், எக்ஸ்டென்டட், மார்ச் தேர்வு மூன்றும் உண்டென்றால் கேம்பிரிட்ஜில் சேர், ஒன்று குறைந்தாலும் ஸ்டேட் போர்டிலேயே விடு என்றேன். மாங்காய் மண்டி ரசீதின் பின்னால் மூன்றையும் எழுதி வைத்திருக்கிறாள் அக்கா. சனிக்கிழமை பள்ளிக்குப் போகிறோம்; முதலில் லேபைத் திறந்து காட்டச் சொல்லப் போகிறேன்.