துணைநூற்பட்டியலை ஃபோனில் வைத்திருக்க: ஷீட்டா, ஜோட்டெரோபிப்பா, ஜோட்டெரோவா?

“மக்கா, இந்தக் கட்டுரை டிசம்பர் பத்தாம் தேதியிலயா இருக்கு?” என்று நெறியாளர் கேட்ட பிறகுதான் ஃபோனைத் திறந்து பார்த்தேன். பக்க எண்ணை 10-12 என்று அடித்திருந்தேன். ஷீட் அதைத் தேதியாக எடுத்துக்கொண்டு 10-டிசம்பர் ஆக்கி வைத்திருந்தது. ஏழெட்டு வரிகளில் இதே கூத்து.

என் ஆய்வு நாஞ்சில் நாட்டுக் குளங்களைப் பற்றியது. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து, ஃபோனில்தான் எல்லாப் பதிவும். அதனால் மூன்று வழிகளையும் மாறி மாறிப் பார்த்தாயிற்று: வரிசையும் பத்தியுமாக நாமே நிரப்பும் ஷீட், மேற்கோள் பட்டியல் செய்து தரும் ஜோட்டெரோபிப் இணையதளம், நூல் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஜோட்டெரோ செயலி.

முதலில் இதே வேலைக்கு உள்ள மற்ற செயலிகளை முடித்துவிடலாம். மெண்டலேயின் ஃபோன் செயலி 2021இலேயே நிறுத்தப்பட்டது. கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்கு மட்டும்தான் இனி அது. பேப்பர்பைலுக்கு ஃபோன் செயலி உண்டு, ஆனால் சந்தா கட்ட வேண்டும். உதவித்தொகை வருவதே தவணை தவணையாக. வேண்டாம்.

ஷீட்டில் ஒரு நிம்மதி: புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. நெறியாளருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடலாம். பக்க எண் பத்தியை ஆரம்பத்திலேயே வெறும் எழுத்து வடிவத்துக்கு மாற்றியிருந்தால் அந்த டிசம்பர் கதையும் நடந்திருக்காது. ஆனால் கடைசியில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி, சாய்வெழுத்து எல்லாம் நம் கையால்தான். இருநூறு நூல்களுக்கு அதைச் செய்ய எனக்குப் பொறுமை இல்லை.

ஜோட்டெரோபிப்புக்கு செயலியும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். பிரவுசரில் திறந்து ஐஎஸ்பிஎன் எண்ணையோ (புத்தகத்தின் அடையாள எண்) டிஓஐ எண்ணையோ (இணையத்தில் வரும் ஆய்வுக் கட்டுரையின் அடையாள எண்) இட்டால் பட்டியல் தானாக வந்து நிற்கும். பத்து நூல் போதுமான கருத்தரங்கக் கட்டுரைக்கு, எங்க ஊர்ப் பேச்சில் சொன்னால், கொள்ளாம், அதாவது நல்லாவே இருக்கும். ஆனால் பட்டியல் இருப்பது அந்த ஃபோனின் பிரவுசருக்குள். பிரவுசர் தரவை அழித்தால் அதுவும் போச்சு. இணைப்பு ஒன்று உருவாக்கி எடுத்து வைக்கிற வசதி இருக்கிறது. அதை மறக்காமல் செய்ய வேண்டும். அப்புறம், நூல் விவரம் தேடி எடுக்க நெட் வேண்டும். பேச்சிப்பாறைப் பக்கம் மலையேறினால் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஜோட்டெரோ செயலி ஐபோனுக்கு 2022இல் வந்தது, ஆண்ட்ராய்டுக்குப் பிறகு. நெட் இல்லாத இடத்தில் கையால் பதிந்து வைத்தால் சிக்னல் வந்ததும் தானே ஒத்திசைத்துக்கொள்ளும். புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் பார்கோடைக் காட்டினால் விவரம் வந்துவிடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் எனக்கு வேண்டிய புத்தகங்களில் பாதிக்குப் பார்கோடே கிடையாது. ஐஎஸ்பிஎன் முறையே 1970 வாக்கில் வந்தது. நான் தினமும் புரட்டுவது நாகம் அய்யாவின் திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல், மூன்று தொகுதி, 1906. வேலுப்பிள்ளை நான்கு தொகுதிகளில் எழுதிய மேனுவல் 1940இல் வந்தது. அதற்கும் அதே தலைப்பு! சின்னத் திரையில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும்போது ஆண்டைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நானே அடித்தேன். ஒரு நூலுக்கு மூன்று நிமிடம்.

ஆண்டிலும் ஒரு சிக்கல். பழைய திருவிதாங்கூர் ஆவணங்களில் கொல்லம் ஆண்டுதான் (மலையாள ஆண்டுக் கணக்கு) இருக்கும். 1081 என்று தேதிக் கட்டத்தில் அப்படியே போட்டால் சோழர் காலத்து நூல் மாதிரி வரிசையில் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் தேதிக் கட்டத்தில் ஆங்கில ஆண்டு, கூடுதல் குறிப்புக் கட்டத்தில் கொல்லம் ஆண்டு.

பெயர் விஷயத்தில் தானாக வருவதை நம்பவே கூடாது. நம்மவர் தன் பெயருக்குப் பின்னால் தகப்பனார் பெயரை எழுதியிருந்தால், அது குடும்பப்பெயர் கட்டத்துக்குப் போய்விடும். ஏபிஏ என்ற மேற்கோள் நடையில் எடுத்தால் தகப்பனார் பெயர் முழுதாக நிற்கும், எழுதியவர் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடுவார். ஆய்வு செய்தது மகள், மேற்கோள் அப்பாவுக்கு. இரண்டு கட்டத்தையும் மாற்றிப் போட்டுவிட்டுத்தான் அடுத்த நூலுக்குப் போகிறேன்.

ஜோட்டெரோவில் கோப்புகளுக்கு இலவசமாகக் கிடைப்பது 300 எம்பி. நூலகத்தில் எடுக்கிற பக்கப் படம் ஒன்று 4 எம்பி என்றால் 75 படத்தில் நிறைந்துவிடும். நூல் விவரங்கள் இந்தக் கணக்கில் வராது. அதனால் படங்களை கூகுள் டிரைவில் போட்டு, அதன் இணைப்பை மட்டும் இங்கே ஒட்டுகிறேன்.

ஒரு குறை உண்டு: ஆய்வேட்டின் வேர்டு கோப்புக்குள் மேற்கோளை நேராகச் செருக ஃபோனில் வழியில்லை. அந்த வேலைக்குத் தம்பியின் லேப்டாப்பை ஒரு வாரம் கேட்டிருக்கிறேன்.

ஷீட்டை இன்னும் அழிக்கவில்லை. குளத்தங்கரையில் பேசிய பெரியவர்களின் ஊர், வயது, பேசிய நாள் எல்லாம் அதில்தான். அங்கே தேதி தேதியாகவே இருக்கலாம்.