ஹோல்டர் எண் சரியாக இருந்தது, உள்ளே இருந்த டாலர் போலி

நாணயம் சேர்க்கிறவர்கள் யாராவது இப்போது கிரேடிங் ஆன, அதாவது ஒரு நிறுவனம் சோதித்துத் தரம் போட்டு அடைத்துக் கொடுத்த நாணயம் ஒன்றை ஆன்லைனில் வாங்கும் யோசனையில் இருந்தால், பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்தது 1893-எஸ் மார்கன் டாலரில், அமெரிக்காவின் பழைய வெள்ளி நாணயம் அது. கையில் உருட்டிப் பார்த்து வாங்குகிற வெறும் நாணயம் இல்லை, பிளாஸ்டிக் ஹோல்டருக்குள் சீல் வைத்து, லேபிளில் விஎஃப் 30 என்று, அதாவது ஓரளவு தேய்ந்திருந்தாலும் விவரங்கள் நன்றாகத் தெரியும் என்று, தரம் போட்டு வந்த நாணயம். ஹோல்டருக்குள் இருக்கிறதே, இனி என்ன பயம் என்று நினைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

மார்கன் டாலர்களில் புழக்கத்துக்காக அடித்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், 1893-இல் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடித்தவைதான் எண்ணிக்கையில் குறைவு, எஸ் என்பது அந்த நாணயச்சாலையின் குறி. மொத்தமே 1 லட்சம். இந்த வரிசையைச் சேர்க்கிற எல்லாரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் இது, போலி செய்கிறவர்களின் கண்ணும் இதன் மேல்தான். என் தட்டில் அந்த ஒரு குழி மட்டும் பல வருடமாகக் காலியாக இருந்தது. விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு நிதானம் போய்விட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. லேபிளில் இருந்த எண்ணை அந்த கிரேடிங் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். அதே வருடம், அதே எஸ், அதே விஎஃப் 30. சரி, நல்ல நாணயம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே அந்த எண்ணுக்கு உரிய நாணயத்தின் படமும் இருந்தது. அதைப் பெரிதாக்கி, விற்பனையாளர் போட்டிருந்த படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை.

இதைத்தான் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். போலி ஹோல்டர் செய்கிறவன் எண்ணைக் கற்பனையில் இருந்து எடுப்பதில்லை. ஏதோ ஓர் ஏலத்தில் வந்த நல்ல நாணயத்தின் படத்தைப் பார்த்து, அதன் எண்ணை அப்படியே தன் லேபிளில் அச்சடித்துவிடுகிறான். தளத்தில் தேடினால் வரத்தான் செய்யும். அந்த எண்ணில் ஒரு நல்ல நாணயம் எங்கேயோ யாரிடமோ இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி, உங்கள் கையில் இருப்பது அதுதான் என்பதற்குச் சாட்சி அந்தப் படம். நல்ல நாணயத்தின் தலைப்பக்கத்தில் இருக்கும் பெண்ணின் கன்னத்தில் வாயோரம் தொடங்கிச் சாய்வாக ஒரு கீறல் இருந்தது. எனக்கு வந்ததில் கன்னம் வழவழவென்று இருந்தது. தேய்மானத்தில் கீறல் மறையலாம், ஆனால் சீல் வைத்த பெட்டிக்குள் இருக்கிற நாணயம் எப்படித் தேயும்?

இதைக் கண்டுபிடித்தது நானும் இல்லை. என்னைவிட மூத்த சேகரிப்பாளர் ஒருவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அவரிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். பத்து மடங்கு லென்ஸை வைத்து ஒரு நிமிடம் பார்த்தார்.

“தம்பி, லிபர்ட்டியில் இருக்கிற டி-யைப் பார்த்தியா?”

“என்ன அண்ணா இருக்கு அதில்?”

“ஒன்றும் இல்லை. அதுதான் பிரச்சினை.”

1893-எஸ் டாலர்களின் தலைப்பக்கம் முழுவதும் ஒரே ஒரு அச்சில் அடித்தது. அந்த அச்சில் இருந்த ஒரு கீறல் எல்லா நாணயத்திலும் விழுந்திருக்கிறது: தலைப்பட்டையில் இருக்கும் லிபர்ட்டி என்ற சொல்லில், டி எழுத்தின் மேல் கோட்டில், முடி அளவுக்கு மெல்லிய ஒரு சாய்ந்த மேடு. ஆர் எழுத்தின் இடது காலிலும் சின்னதாக ஓர் அடையாளம் உண்டு. மிகவும் தேய்ந்துபோன நாணயத்தில் இவை மங்கலாம், விஎஃப் 30-இல் தெரிய வேண்டும். அதே வருடம் பிலடெல்பியாவில் அடித்த, குறி எழுத்து இல்லாத நல்ல டாலரை வாங்கி, பின்பக்கத்தில் மாலைக்குக் கீழே எஸ் எழுத்தை ஒட்டி விற்கிறவர்களும் இந்த டி-யில்தான் சிக்குவார்கள் என்றார். ஒட்டிய எழுத்தைச் சுற்றி லென்ஸில் ஒரு கோடு தெரியும், அதையும் பார்க்கச் சொன்னார்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. கோபத்தில் வீட்டுக்கு வந்து ஹோல்டரை உடைத்தேன். எடை போட்டேன், 24.6 கிராம். நல்ல மார்கன் டாலர் 26.73 கிராம், 90 சதவீதம் வெள்ளி, குறுக்களவு 38.1 மில்லிமீட்டர். தேய்மானத்தில் கொஞ்சம் குறையும், இந்த அளவு தேய்மானத்தில் இரண்டு கிராம் குறையாது. காந்தம் ஒட்டவில்லை, ஆனால் அதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். உள்ளே இரும்பு இருந்தால்தான் காந்தம் காட்டிக்கொடுக்கும், பித்தளையையோ செம்பையோ வைத்து மேலே வெள்ளி முலாம் பூசினால் காட்டாது. எல்லாம் புரிந்தது, ஆனால் விற்பனையாளரிடம் கேட்டபோது, “ஹோல்டரை நீங்கள்தான் உடைத்திருக்கிறீர்கள் சார், உள்ளே நீங்கள் நாணயத்தை மாற்றவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டுவிட்டு அதற்கப்புறம் பதிலே இல்லை. கமிஷன் மிச்சமாகும், விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று சொன்னதை நம்பி, விற்பனைத் தளத்துக்கு வெளியே நேரடியாக அவர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பியிருந்தேன். அதனால் விற்பனைத் தளத்துக்காரர்களும் கைவிரித்துவிட்டார்கள்.

ஆகவே சந்தேகம் வந்தால் உடைக்காதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம் எல்லாவற்றையும் படம் எடுங்கள், பார்சல் பிரிப்பதையே வீடியோ எடுங்கள், முதலில் புகார், அப்புறம்தான் மற்றது.

உடைந்த துண்டுகளை அண்ணனிடம் இருந்த நல்ல ஹோல்டரோடு வைத்துப் பார்த்தோம். என் லேபிளில் எழுத்துகள் ஒரு நூல் தடிமனாக இருந்தன, எண்களுக்கு நடுவே இடைவெளி சீராக இல்லை. ஹோலோகிராமைச் சாய்த்தால் வெள்ளிக் காகிதம் மாதிரி மின்னியதே தவிர, உள்ளே இருக்கிற உருவம் மாறவில்லை. இதெல்லாம் பக்கத்தில் நல்லது ஒன்று இருந்தால்தான் தெரியும், விற்பனையாளர் எடுத்த மங்கலான படத்தில் தெரியாது. நல்ல ஹோல்டரையே திறந்து, போலியை வைத்து மறுபடி ஒட்டுவதும் உண்டு, அதற்கு ஓரங்களில் வெண்மையாகப் பூத்திருக்கிறதா, பசைத் தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிசிஜிஎஸ் என்ற கிரேடிங் நிறுவனம் 2020 முதல் ஹோல்டருக்குள் சிப் வைக்கத் தொடங்கியிருக்கிறது, போனை அருகே கொண்டுபோனால் விவரம் வரும். அதற்கு முந்தைய ஹோல்டர்களுக்கு அந்த வசதி இல்லை, கண்ணும் லென்ஸும்தான்.

சேகரிப்பாளர்களுக்கான நகல் நாணயங்களில் காப்பி என்ற சொல்லைப் பொறிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1973-லேயே சட்டம் வந்துவிட்டது. எனக்கு வந்ததில் அப்படி எதுவும் இல்லை, யாரும் சுரண்டி எடுத்த தடமும் இல்லை. ஆக இது நகல் என்று சொல்லி விற்கச் செய்ததே இல்லை, ஏமாற்றுவதற்கென்றே செய்தது.

போன வாரம் அதே விற்பனையாளரின் பக்கத்தை மறுபடி பார்த்தேன். இப்போது 1889-சிசி மார்கன் டாலர் (சிசி என்பது கார்சன் சிட்டி நாணயச்சாலையின் குறி) ஒன்று போட்டிருக்கிறார், ஹோல்டருக்குள்தான். பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கினேன். கழுகின் வலது இறக்கை நுனிக்குக் கொஞ்சம் உள்ளே, ஊசியால் குத்தியது போல ஒரு பள்ளம், அதை ஒட்டிப் பிறை மாதிரி ஒரு வளைந்த கீறல். என்னிடம் இருக்கிற போலியிலும் அதே இடத்தில் அதே பள்ளம், அதே பிறை. இந்த மாதிரி அடி ஒவ்வொரு நாணயத்துக்கும் தனித்தனியாகப் படுவது. ஏதோ ஒரு நல்ல டாலரில் இருந்து அச்சு எடுத்தபோது அதன் மேல் இருந்த அடியும் சேர்ந்து அச்சுக்குப் போயிருக்கிறது, இப்போது அந்த அச்சில் இருந்து வருகிற எல்லாவற்றிலும் அது இருக்கும், வருடமும் லேபிளும் எதுவாக இருந்தாலும். அவர் கணக்கின் பெயரை மாற்றிக்கொண்டு வந்தாலும் அந்தப் பள்ளத்தை மாற்ற முடியாது, அதனால் என் நாணயத்தின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக எடுத்து வைத்திருக்கிறேன். மார்கன் டாலர் வாங்கப் போகிறவர்கள் யார் கேட்டாலும் அனுப்புகிறேன்.