டிஎஸ்எம்-5: ஆய்வுக்கூடத்துக்கு இந்தக் கையேடு போதுமா?

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1952 முதல் வெளியிட்டுவரும் மனநோய்ப் பகுப்புக் கையேட்டின் (டிஎஸ்எம்) ஐந்தாம் பதிப்பு, 947 பக்கங்களுடன் 2013 மே மாதம் வெளிவந்தது. மருத்துவமனைக்கு இது பயனுள்ள நூல் என்பதில் எனக்கு ஐயமில்லை. மூளை ஆய்வுக்கு இதை அடித்தளமாகக் கொள்ளலாமா என்பதே இங்கு என் கேள்வி.

ஒரே நோயாளியின் ஒளிப்பதிவைப் பார்த்த அமெரிக்க மருத்துவர்கள் மனச்சிதைவு என்றும், பிரிட்டிஷ் மருத்துவர்கள் பலர் வேறு நோய் என்றும் கூறிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க, அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரின் தலைமையில் 1980இல் வந்த மூன்றாம் பதிப்பு, நோயின் காரணம் பற்றிய வாதங்களை ஒதுக்கிவிட்டு, காணக்கூடிய அறிகுறிகளைப் பட்டியலிட்டது. மருத்துவர்களிடையே ஒத்த கருத்தை உண்டாக்க வகுத்த அந்தப் பட்டியலே பின்னர் ஆய்வில் யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்பதையும் தீர்மானிக்கத் தொடங்கியது. குறை அங்கேதான் தொடங்குகிறது.

மனச்சோர்வை எடுத்துக்கொள்வோம். ஒன்பது அறிகுறிகளில் ஐந்து, இரண்டு வாரங்கள் நீடித்தால் போதும். அவற்றுள் ஒன்று சோர்ந்த மனநிலையாகவோ ஆர்வமிழப்பாகவோ இருக்க வேண்டும். இந்தக் கணக்கின்படி, ஒரே ஒரு அறிகுறி மட்டுமே பொதுவாக உள்ள இருவருக்கும் ஒரே நோய்ப்பெயர் கிடைக்கலாம். உறக்கமின்றித் தவிப்பவரையும் நாளெல்லாம் உறங்குபவரையும் ஒரே குழுவில் வைத்து மூளையைப் படமெடுத்து, சராசரி கண்டு, அதை நலமானவர்களின் சராசரியோடு ஒப்பிட்டால், கிடைக்கும் விடை அவ்விருவரில் எவருடைய மூளையையும் விளக்காமல் போகலாம். ஒத்த கருத்து என்ற முதல் நோக்கத்திலும் இப்பதிப்பு தடுமாறுகிறது: வெளியீட்டுக்கு முந்தைய களச் சோதனையில் மனச்சோர்வு குறித்து மருத்துவர்களிடையே இருந்த உடன்பாட்டு அளவு 0.28 மட்டுமே. முழு உடன்பாடு என்றால் அது 1 ஆக இருந்திருக்கும்.

மரபணு ஆய்வும் இந்த எல்லைகளை மதிக்கவில்லை. ஆட்டிசம், கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, இருமுனைக் கோளாறு, மனச்சோர்வு, மனச்சிதைவு ஆகிய ஐந்துக்கும் பொதுவான மரபணு இடங்கள் உள்ளன என்று 2013இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. அதே ஆண்டு ஏப்ரலில், அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் இயக்குநராக இருந்த தாமஸ் இன்செல், தம் நிறுவனம் ஆய்வு நிதியை இந்தப் பகுப்புகளிலிருந்து விலக்கிக்கொள்ளும் என்று அறிவித்தார். அச்சம், வெகுமதி, நினைவாற்றல் போன்ற செயல்பாடுகளை மையமாகக் கொண்ட மாற்றுச் சட்டகத்தை அந்நிறுவனம் முன்வைத்தது. அது சரியான திசை என்றே கருதுகிறேன். ஆனால் நோயாளியின் முன் அமரும் மருத்துவர் இன்றும் நாடுவது பழைய பெயர்களைத்தான்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. நெருங்கியவரை இழந்து இரண்டு மாதங்கள் ஆகாதவரின் துயரத்தைப் பொதுவாக மனச்சோர்வாகக் கணக்கிடக் கூடாது என்ற நான்காம் பதிப்பின் விலக்கு ஐந்தாம் பதிப்பில் நீக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீடித்த துயரக் கோளாறு தனி நோயாகச் சேர்ந்தது. எனவே ஆய்வுக் கட்டுரைகளை ஒப்பிடுபவர், அவை எந்தப் பதிப்பின் வரையறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.